ஒரே பெட்டிக்கு இரண்டு விலை எழுதலாமா?

வெண்ணாறு:
சென்னையிலிருந்து லண்டனுக்குப் பட்டுப் புடவை அனுப்புகிறவர்களுக்குத் தறிமேடை நேற்று ஓர் ஆலோசனை வழங்கியிருந்தார். சுங்கப் படிவத்தில் ‘பரிசு, 3,000 ரூபாய்’ என்று எழுதிவிட்டு, காப்பீட்டை மட்டும் 12,000 ரூபாய்க்கு எடுக்க வேண்டுமாம். இதை நம்பி யாரும் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். பிரிட்டனில் தனிநபர் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசுக்கு 39 பவுண்டு வரைதான் வரிவிலக்கு. அந்த வரம்புக்குள் நுழைவதற்கே இந்த 3,000. உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கைப்படி, காப்பீட்டுத் தொகை பொருளின் உண்மையான மதிப்பைத் தாண்டக் கூடாது. குறைவாக எடுக்கலாம், கூடுதலாக எடுக்க முடியாது.

தறிமேடை:
நான் யாரையும் பொய் எழுதச் சொல்லவில்லை. அந்தப் புடவையை என் தாயார் 2009-இல் காஞ்சிபுரத்தில் 3,000 ரூபாய்க்கு வாங்கினார். மடித்த ரசீது இன்றும் பீரோவில் இருக்கிறது. கொடுத்த விலையை எழுதினேன். தொலைந்துபோனால் அதே போன்ற புடவைக்கு இன்று 12,000 கொடுக்க வேண்டும் என்பதால் அந்தத் தொகைக்குக் காப்பீடு எடுத்தேன். இதில் எது பொய்?

வெண்ணாறு:
படிவம் கேட்பது பொருளின் மதிப்பை. உங்கள் தாயார் என்றோ கொடுத்த காசை அல்ல. அஞ்சலில் தொலைந்த பொருளுக்கு இழப்பீடு கணக்கிடும்போதும், பெட்டியை ஒப்படைத்த இடத்தில், ஒப்படைத்த நாளில் அதே வகைப் பொருளுக்கு இருந்த விலையைத்தான் பார்ப்பார்கள். இழப்பீடு வாங்கும்போது இன்றைய விலை, வரி கட்டும்போது 2009-இன் விலை என்பது எந்த ஊர் நியாயம்?

செங்காந்தள்:
என் தங்கை அனுப்பிய பெட்டியில் இதுதான் நடந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய சுங்கப் படிவத்தில் 2,500 என்றும், பக்கத்திலேயே காப்பீட்டுச் சீட்டில் 10,000 என்றும் எழுதியிருந்தது. சுங்கத்தார் இரண்டில் பெரிய தொகையையே மதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். வாசலில் விழுந்த அட்டையில் மதிப்புக்கூட்டு வரி 18 பவுண்டு, கையாளும் கட்டணம் 8 பவுண்டு என்றிருந்தது. வரியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த 8 பவுண்டு எதற்கு என்பதை யாராவது சொல்லுங்கள்.

தறிமேடை:
அப்படிக் கேளுங்கள் அக்கா. கேட்காத வேலைக்கு வசூலிக்கும் அந்தக் கொள்ளையைப் பற்றி வெண்ணாறு ஒரு வரி எழுதமாட்டார்.

வெண்ணாறு:
எழுதுகிறேன். வரியைச் சுங்கத்துக்கு முதலில் கட்டிவிட்டு, பிறகு நம்மிடம் வசூலிக்கும் அஞ்சல் நிறுவனம் அந்த வேலைக்காக எடுக்கும் கூலி அது. பெட்டியின் மதிப்பு 40 பவுண்டு என்றால் வரியும் 8, கூலியும் 8. இதில் எனக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால், 3,000 என்று எழுதியதற்கு அது விடையாகாது. சரியான விலையை எழுதியிருந்தாலும் செங்காந்தள் அதே 26 பவுண்டைத்தான் கட்டியிருப்பார், பொய் எழுதிய பேர் மட்டும் வந்திருக்காது.

தறிமேடை:
என்னையும் செங்காந்தள் அக்காவின் தங்கையையும் பொய்யர்களாக்கிவிட்டீர்கள். சென்ற தீபாவளிக்கு நான் அதிரசப் பெட்டியைப் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் வந்து பாடம் நடத்தினீர்கள். அந்தப் பெட்டி ஒரு காசு வரியில்லாமல் வந்து சேர்ந்ததை நீங்கள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உடுத்திய புடவைக்கு இன்றைய கடை விலை எப்படிப் பொருந்தும்?

வெண்ணாறு:
பொருந்தாது என்றால் காப்பீட்டையும் 12,000-க்கு எடுக்காதீர்கள். உடுத்திய புடவை என்பது சுங்கப் படிவத்தை எழுதும்போது மட்டும் நினைவுக்கு வருகிறதே! அதிரசத்தின் மதிப்பு 39 பவுண்டுக்குள் இருந்தது, அதனால் வரியில்லை. புடவைக்கு வருவோம்: மூவாயிரமா, பன்னிரண்டாயிரமா?

தறிமேடை:
கொடுத்த விலை மூவாயிரம். நாளை ரசீதைப் படமெடுத்துப் போடுகிறேன்.

வெண்ணாறு:
போடுங்கள். அதில் 2009 என்ற ஆண்டும் தெளிவாகத் தெரியட்டும்.