இரட்சிப்பு: இந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு பையன் கேட்டான்: "ஐயா, எங்கள் அப்பா இரட்சிக்கப்பட்ட (இயேசுவை நம்பிப் பாவத்திலிருந்து விடுதலை பெற்ற) தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கடை ஆட்களுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். இது எப்படி?" நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

வேதாகமத்தில் எபேசியர் 2:8-ல் அப்போஸ்தலன் பவுல் இரட்சிப்பைத் தேவனுடைய ஈவு என்கிறார். பிலிப்பியர் 2:12-ல் அதே பவுல், பயத்தோடும் நடுக்கத்தோடும் அது நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது, இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய வரி வசூலிப்பவனான சகேயு (லூக்கா 19). (அவன் மரம் ஏறியதை மட்டும் படம் வரையச் சொல்லிவிட்டு நாம் நிறுத்திவிடுகிறோம்!) ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்று அவன் கணக்குச் சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. அப்படியானால் பணம் திரும்பியது இரட்சிப்பின் விலையா, விளைவா? விளைவு என்றே நம்புகிறேன்; ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை விளக்கத் தெரியவில்லை.

கத்தோலிக்கத் தோழி ஒருவர், தங்கள் வழக்கில் உள்ள 'மீட்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடகு வைத்த நகையை மீட்பது பிள்ளைகளுக்குத் தெரியும்தான். மீட்ட நகை மறுபடி அடகுக்குப் போனால் என்று கேட்பார்களே!

வீட்டிலோ வேலையிலோ நீங்கள் கண்ட உதாரணங்களைச் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம். அந்தத் தகப்பனும் எங்கள் சபைதான். மகன் முன்னால் அவரைக் குறைத்துப் பேசாமல் எப்படிப் பதில் சொல்வது என்பதையும் சொல்லுங்கள்.