ஃபெட்ச்மெயில்: ‘ஆத்’ தெரிவுகளைக் கையேட்டில் எப்படி விளக்குவது?

கையேட்டுக்காரன்: வணக்கம். எங்கள் துறையினருக்காக, வழங்கியிலிருந்து அஞ்சலை எடுத்துவரும் நிரலான ஃபெட்ச்மெயிலின் உள்நுழைவு முறைகளை, அதாவது ‘ஆத்’ தெரிவுகளை, தமிழில் ஆவணப்படுத்தி வருகிறேன். ‘எஸ்எஸ்ஹெச்’ என்ற தெரிவைச் சோதித்தபோது நிரல் கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை, உள்நுழைவும் தோற்றது. இது பிழையா, இயல்பா? நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். விரைந்து உதவவும்.

திண்ணைநிரலர்: எந்தப் பதிப்பு, அஞ்சல் எடுக்கும் நெறிமுறை பாப்3ஆ ஐமேப்பா, எந்த வழங்கி என்று எதையும் சொல்லாமல் கேட்டால் எப்படி? பெரிய எழுத்து ‘வி’ விசையுடன் இயக்கினால், அஞ்சல் எடுக்காமலேயே பதிப்பும் அமைப்புகளும் தெரியும். சிறிய எழுத்து ‘வி’ வழங்கியுடனான உரையாடலைக் காட்டும். இரண்டையும் ஒட்டுங்கள், பயனர்பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

பூட்டுச்சாவி: 6.4 பதிப்பிலிருந்து வழங்கியின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழின் சரிபார்ப்பு இயல்பாகவே நடக்கிறது. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

பழையமுனையம்: சான்றிதழ் தவறினால் இணைப்பே அறுந்துவிடும், உள்நுழைவுக் கட்டம் வரைக்கும் போகாது. உதவிப் பக்கத்தை ஒருமுறையேனும் படித்திருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது. ‘எஸ்எஸ்ஹெச்’ என்பது மறையாக்கத்துக்கான தெரிவன்று. இணைப்பை வேறொரு நிரலிடம் விடும் ‘பிளக்இன்’ வழியாக, தொலைக்கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சைக் கொண்டு நுழைந்து, வழங்கியிலேயே ஐமேப் நிரலை இயக்கி, அது ‘ப்ரீஆத்’ (ஏற்கெனவே உள்நுழைந்தாயிற்று) என்று வரவேற்கும் இடங்களில் உள்நுழைவை அடியோடு தவிர்ப்பதற்கானது. அதனால்தான் கடவுச்சொல் கேட்கப்படவில்லை.

திண்ணைநிரலர்: உதவிப் பக்கம் எல்லோருக்கும் புரிந்திருந்தால் அவர் ஏன் கையேடு எழுதப்போகிறார், ஐயா? கையேட்டுக்காரரே, இயல்புநிலையான ‘எனி’யை (எந்த முறையானாலும்) பற்றியும் ஒரு வரி சேருங்கள். கடவுச்சொல்லை அனுப்பாமல் அடையாளம் காட்டும் கெர்பரோஸ் முறையின் சான்று இல்லாத கணினியிலும், அது அம்முறைக்கான ஜிஎஸ்எஸ்ஏபிஐயை முதலில் முயன்று பிழைச்செய்தி காட்டக்கூடும். ‘பாஸ்வேர்டு’ என்று குறித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பூட்டுச்சாவி: அதற்குப் பதில், கடவுச்சொல்லைக் கொண்டு கணித்த விடையை மட்டும் அனுப்பும் கிராம்-எம்டி5ஐப் பரிந்துரைக்கலாமே. கடவுச்சொல் கம்பியில் போகாது.

பழையமுனையம்: போகாதுதான், ஆனால் அதற்காக வழங்கி உங்கள் கடவுச்சொல்லையோ அதற்கு நிகரான ஒன்றையோ சேமித்து வைத்திருக்க வேண்டும். இணைப்பையே மறையாக்கும் டிஎல்எஸ் உள்ளபோது அது வீண் வம்பு.

பூட்டுச்சாவி: டிஎல்எஸ்ஸை அணைத்துவிட்டுப் பயன்படுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழையமுனையம்: அவர்களுக்குக் கையேடு எழுதிப் பயனில்லை.

கையேட்டுக்காரன்: ஐமேப், 6.4. பிளக்இன் எதுவும் வைக்கவில்லை. ‘பாஸ்வேர்டு’ என்று மாற்றியதும் அஞ்சல் வந்தது. நன்றி.

திண்ணைநிரலர்: வழங்கி எதுவென்று இன்னமும் சொல்லவில்லையே. துறையில் யாராவது ஜிமெயில் வைத்திருந்தால், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிச் செயலிக்கான தனிக் கடவுச்சொல்லைப் பெற வேண்டும் என்பதையும் அச்சுக்கு முன் எழுதிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் முதல் வெறும் கடவுச்சொல்லை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். அங்கே கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டைக் கொண்டு நுழையும் ஓஆத்2 வேண்டும், 6.4இல் அது கிடையாது.