கொல்லையில் ஒரு கோழிக்கூடு: குடும்பக் குழு உரையாடல்

நான், காலை 7.10
அனைவருக்கும் வணக்கம். பேராவூரணி வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கு மேற்கே சும்மா கிடக்கும் இடத்தில், பத்துச் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளுக்கும் ஒரு சேவலுக்கும் கூடு கட்டலாம் என்றிருக்கிறேன். நாலா பக்கமும் காற்று வர வேண்டும், இரவில் எதுவும் உள்ளே நுழையவும் கூடாது. அருள்கூர்ந்து குரல் பதிவு அனுப்பாமல் எழுதி அனுப்புங்கள். ஆசாரியிடம் படித்துக் காட்ட வேண்டும்.

பெரியப்பா, காலை 7.32
அம்மா, நம் வீட்டில் கோழிக்கென்று யாரும் கூடு கட்டியதில்லை. பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறிவிட்டுப் பொழுது சாயும்போது தாமாகவே திண்ணைக்கு வந்துவிடும். பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக்குழவியை வைத்தால் வேலை முடிந்தது. இரும்புக் கம்பிக்குள் அடைத்து வளர்ப்பதற்குக் கறிக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே?

அத்தை, காலை 7.41
அண்ணன் சொல்வது நான்கைந்து கோழிகளுக்குச் சரி. பதினொன்றுக்கு எத்தனை பஞ்சாரம் வைப்பது? மேலும் அந்தக் காலத்துத் தெருவில் இவ்வளவு நாய்கள் இல்லை.

அண்ணன், காலை 8.05
என் பட்டறையில் தகரம் மிச்சம் கிடக்கிறது. மூன்று பக்கம் தகரத்தால் அடைத்து, முன்பக்கம் மட்டும் கம்பிக் கதவு வைத்தால் இரண்டே நாளில் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். கள்ளனும் நுழைய மாட்டான், கீரியும் நுழையாது.

அண்ணி, காலை 8.20
உங்கள் அண்ணன் சொல்லும் பெட்டி கோழிக்கு அடுப்பாகிவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து இரைப்பதும், இறக்கையை உடலிலிருந்து தள்ளிப் பிடிப்பதுமே அதற்குத் தெரிந்த வழிகள், அவற்றுக்கும் காற்றோட்டம் வேண்டும். போதாக்குறைக்கு, மூடிய இடத்தில் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் தங்கிக் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். கால்நடை மருத்துவமனைக்குச் சளி என்று கொண்டுவரப்படும் கோழிகள் பலவற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது. கூரை முழுமையாக இருக்கட்டும். மேற்குப் பக்கம் மட்டும் கீற்றுத் தட்டி வைத்து, மற்ற மூன்று பக்கமும் தரையிலிருந்து ஓர் அடிச் சுவருக்கு மேல் வெறும் வலையாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தம்பி, காலை 8.26
மேற்கை மட்டும் ஏன் மூட வேண்டும், அண்ணி?

அண்ணி, காலை 8.34
பிற்பகல் வெயில் சாய்வாக உள்ளே விழுவதைத் தடுக்கத்தான். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால், காலையிலும் மாலையிலும் வெயில் நேராக விழும் பக்கங்கள் இரண்டும் குறுகிய பக்கங்களாகிவிடும். மேற்குக் கோடியில் இரவுத் தங்கலை வைத்துக் கீற்றால் மறைத்துவிடலாம். கீற்று தகரத்தைப் போலச் சூட்டை வாங்கி உள்ளே இறக்காது.

நான், காலை 8.50
அளவு எவ்வளவு வைக்கலாம்? நான் 16 அடி நீளம், 8 அடி அகலம் என்று கயிறு பிடித்துப் பார்த்தேன். தென்னைக்கு அடியில் நிழல் நன்றாக இருக்கிறது.

பெரியப்பா, காலை 8.58
தென்னைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். காய் விழுந்தாலும் மட்டை விழுந்தாலும் கூரை போகும், நீ முட்டை எடுக்கும் நேரமாக இருந்தால் தலையும் போகும். அந்த வேப்பமரத்துப் பக்கம் தள்ளி வை. முருங்கையை நம்பாதே, காற்றடித்தால் கிளை முறிந்துவிடும்.

அண்ணி, காலை 9.05
16க்கு 8 தாராளம். அதில் மேற்கே 6 அடியை இரவுத் தங்கலுக்குத் தடுத்தால் 48 சதுர அடி, அதாவது கோழி ஒன்றுக்கு 4 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். மீதி 10 அடி மண் கிளறுவதற்கு. மாலையில் ஒரு மணி நேரம் கொல்லையில் திறந்துவிட்டால், அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும் தொல்லையும் குறையும். பெரிய மாமா கேட்ட மேய்ச்சல் இதிலேயே அடங்கிவிடுகிறது.

அத்தை, காலை 9.30
வலையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கோழிவலை என்று கடையில் சுருளாக விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுக்காது. எங்கள் தெருக்கோடி வீட்டில் அதைத்தான் சுற்றியிருந்தார்கள். நாய் பல்லால் பற்றி இழுத்த இடத்தில் முறுக்குக் கம்பி ஒவ்வொரு கண்ணாக அவிழ்ந்து, ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. விளிம்பில் இறகும் இரத்தமும் ஒட்டியிருந்ததைப் போய்ப் பார்த்தேன். ஆறு கோழிகள் ஓர் இரவில் போயின.

அண்ணன், காலை 9.44
அப்படியானால் வெல்டு மெஷ்தான் சரி. ஒவ்வொரு சந்திப்பும் பற்றவைக்கப்பட்டிருப்பதால் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை அவிழாது. சுவருக்கு மேல் 3 அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண், அதற்கு மேல் கூரை வரை ஓர் அங்குலக் கண் போட்டால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

அத்தை, காலை 9.52
மேலே ஓர் அங்குலம் போதாதப்பா. சாரை வேப்பமரத்துக் கிளை வழியாகக் கூரைக்கு வந்து இறங்கும். அந்தக் கண்ணில் இளம்பாம்பு தாராளமாக நுழையும். மரநாயும் ஏறக்கூடியதுதான். இரவுத் தங்கலுக்கு மட்டுமாவது மேலிருந்து கீழ் வரை அரை அங்குலமே போடு. கூரைக்கும் பக்கவலைக்கும் இடையில் கூரைத் தகரத்தின் அலை வளைவால் உண்டாகும் சந்துகளையும் அதே வலைத் துண்டால் அடைத்துவிடு. பலரும் அதை மறந்துவிடுவார்கள்.

நான், காலை 10.10
கீரியும் பெருச்சாளியும் மண்ணைத் தோண்டி வந்தால் என்ன செய்வது? ஓர் அடிச் சுவருக்கு ஆழமான அடித்தளம் போடுவதற்கு மனம் வரவில்லை.

அண்ணன், காலை 10.25
ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. சுவரின் வெளிப்புற அடியிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, மேலே மூன்று விரற்கடை மண்ணையும் உடைகல்லையும் போட்டு மூடிவிடலாம். தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். நகம் உடனே கம்பியில் படும். பின்னுக்குப் போய் ஒன்றரை அடி தள்ளித் தோண்டலாமே என்று அதற்குத் தோன்றுவதில்லை. சுற்றளவு 48 அடி, மூலைகளில் மடிப்புக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

பெரியப்பா, காலை 10.40
வலையும் சுவரும் இருக்கட்டும், கூரையை யார் பிடித்துக்கொள்வது? 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது நம் வட்டாரத்தில் தென்னைகளே வேரோடு சாய்ந்தன. பக்கவாட்டில் திறந்திருக்கும் கட்டுமானத்தில் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து மேலே தூக்கும். மூடிய கட்டடத்தைவிட இதற்குத்தான் பிடிப்பு அதிகம் தேவை.

அண்ணன், காலை 10.58
நியாயமான கேள்வி, பெரியப்பா. தூண்களுக்கு இரும்புக் குழாயை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட்டோடு நிறுத்தி, சட்டத்தைத் தூணோடு பற்றவைத்து, தகரத்தை ஆணியால் அடிக்காமல் ஜே போல்ட் (கொக்கி போல வளைந்த திருகாணி) போட்டு முடுக்குகிறேன். ஓரங்களில் போல்ட்டை நெருக்கமாகப் போட வேண்டும், ஏனென்றால் தகரம் முதலில் ஓரத்தில்தான் கிளம்பும். நடுவில் 8 அடி, பக்கங்களில் 6 அடி உயரம் வைத்தால் நிமிர்ந்து நின்று கூட்டலாம்.

அண்ணி, காலை 11.15
தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கோடையில் கீற்றைப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். இறவாரம் மூன்றடி வெளியே நீளட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும்போது வடக்கிலும் கிழக்கிலும் சாக்குப் படுதா இறக்கிக்கொள்ளலாம். அப்போதும் மேலே ஓர் அடி திறந்தே இருக்க வேண்டும். படுதாவை மழை நின்றதும் சுருட்டிவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் திறந்தவெளிக் கூடு கட்டிய பயனே போய்விடும்.

தம்பி, காலை 11.22
தரைக்கு சிமெண்ட் போடலாமா, மண்ணே போதுமா?

அண்ணி, காலை 11.40
சுற்றுத் தரையைவிட ஓர் அடி உயர்த்தி மண்ணை இறுக்கினால் போதும். இரவுத் தங்கலில் நெல் உமியை நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நம் பகுதியில் தேங்காய் நார்த்தூள் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் போட்டுவிடாதீர்கள். அது ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிக்கு அந்த ஈரம்தான் வேண்டும். ஒரு கைப்பிடி உமியை அள்ளி அமுக்கிப் பார்த்தால் கையில் கட்டியாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும்.

அத்தை, காலை 11.55
உட்காரக் கம்பு வைக்கவில்லையென்றால் முட்டையிடும் பெட்டியில் ஏறித் தூங்கி, அங்கேயே எச்சமிடும்.

அண்ணன், பகல் 12.08
ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் பதினொன்றுக்கு 88 அங்குலம். 8 அடிக் கம்பு ஒன்றே தாங்கும். ஆனால் எல்லாம் உயரமான இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும் என்பதால் ஒரே மட்டத்தில் இரண்டு கம்புகள் வைக்கிறேன். இரண்டங்குலத் தடிமனில் சவுக்கு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். முட்டைப் பெட்டிகள் அதைவிடத் தாழ்வாக, ஓர் அடிச் சதுரத்தில் மூன்று.

பெரியப்பா, பகல் 12.20
வைக்கோல் போட்ட பழைய மண்சட்டியிலேயே முட்டையிடும், பெட்டி எதற்கு? சரி, போகட்டும். சாம்பலும் மண்ணும் கலந்த ஒரு குழியை மறந்துவிடாதே. புரண்டு குளித்தால்தான் பேன் ஒழியும்.

அண்ணி, பகல் 12.31
ஒன்றே ஒன்று. கோழிகளை வாங்கும் முன் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டவையா என்று கேட்டுக்கொள். பிறகு புதிதாக எது வந்தாலும் இரண்டு வாரம் வேறு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். முதல் நான்கைந்து நாள்கள் வெளியே விடாமல் கூட்டிலேயே தீனி போட்டால், பொழுது சாய்ந்ததும் திரும்பி வர வேண்டிய இடம் எது என்று பழகிவிடும்.

நான், பகல் 12.45
அண்ணா, கதவு எத்தனை அடி அகலம்? எச்சம் கலந்த உமியைத் தென்னம் பாத்திக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி உள்ளே நுழைய வேண்டும்.

அண்ணன், பகல் 12.52
மூன்றடி வைக்கிறேன். தாழ்ப்பாளை மேலும் கீழுமாக இரண்டு போட்டுவிடலாம். ஒன்று மட்டுமென்றால் கீழ்மூலையை நாய் முட்டித் திறந்துவிடும். வியாழக்கிழமை குழாயை வெட்டத் தொடங்குகிறேன், அதற்குள் நீ வேப்பமரத்துப் பக்கம் கயிறு பிடித்து நான்கு முளைகளை அடித்துவை.