கிளாஸ்கோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: ‘ரைவல்ரி’ன்னா சண்டையா, விளையாட்டா?

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: “எங்க ஆபீஸ்ல ரெண்டு டீமுக்கு நடுவுல ரைவல்ரி இருக்குன்னு மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொல்றார். நான் பயப்படணுமா? அகராதியில ரைவல்ரி, காம்பெட்டிஷன், ஃபியூட் எல்லாம் ஒரே வரிசையில கிடக்கே.”

பயப்பட வேண்டாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா அது ‘ஃப்ரெண்ட்லி ரைவல்ரி’தான். ஆனா அகராதி வரிசையை நம்பி ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டா சிக்கல். ஒரு புரமோஷனுக்கு ரெண்டு பேர் அப்ளை பண்ணா அது காம்பெட்டிஷன், முடிவு வந்ததும் தீர்ந்தது. அதே ரெண்டு பேர் வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்த்தா அது ரைவல்ரி. அதுக்கு ஒரு பழைய கதையும், ஏறக்குறைய சமபலமும் வேணும். ஃபியூட் வேற ஜாதி. மனசு புண்பட்டு, பேச்சுவார்த்தை நின்னுபோய், அடுத்த தலைமுறை வரைக்கும் போற பங்காளிப் பகை அது. மேனேஜர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தா நானும் கவலைப்பட்டிருப்பேன்.

‘எனிமி’யை ஆபீஸ் பக்கமே கொண்டுபோகாதீங்க. கேரம் போர்டுல எதிர்ல உக்காந்தவரையும் நாம எதிரின்னு சொல்லிடுவோம். இங்க அவர் ‘அப்போனென்ட்’. இன்டர்வியூவுல போட்டிக் கம்பெனிகளைப் பத்திக் கேட்டா ‘காம்பெட்டிட்டர்ஸ்’னு சொல்லுங்க. ‘ரைவல்ஸ்’ தப்பில்லை, ஆனா அது பத்திரிகைத் தலைப்புல அதிகமா வர்ற சொல். வேலை விளம்பரத்துல ‘காம்பெட்டிட்டிவ் சாலரி’ன்னு இருந்தா, சந்தை நிலவரத்துக்குக் குறையாம தர்றோம்னு அவங்க சொல்லிக்கிறாங்க, அவ்வளவுதான். தொகை எவ்வளவுன்னு முன்கூட்டியே கேட்டுடுங்க. வாடகை விளம்பரத்துல வர்ற ‘அன்ரைவல்ட் வியூஸ்’, இதுக்கு நிகரான காட்சி வேற எங்கயும் இல்லைங்கிற அளப்பு. நேர்ல போய்ப் பாருங்க.

நம்மாளுங்க நிறையப் பேர் நேரெதிரா புரிஞ்சுக்கிற ஒரு சொற்றொடர் இருக்கு: “தேர்ஸ் நோ லவ் லாஸ்ட் பிட்வீன் தெம்.” அன்பு குறையவே இல்லைன்னு தோணும். உண்மையில, ரெண்டு பேருக்கும் சுத்தமா ஆகாதுன்னு அர்த்தம். மீட்டிங்ல யாரையாவது பத்தி இப்படிச் சொன்னா, அந்த ரெண்டு பேரையும் ஒரே ஈமெயில்ல போட்டு நியாயம் கேக்காதீங்க. ‘பேட் பிளட்’னு சொன்னா பழைய கசப்பு இன்னும் உள்ளே இருக்குன்னு எடுத்துக்கணும்.

குழந்தை இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டாவது பிறந்ததும் வீட்டுக்கு வர்ற ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைங்களோட நலம் பார்க்கிற நர்ஸ்), மூத்தவனைப் பார்த்து “எனி சிப்ளிங் ரைவல்ரி?”ன்னு கேப்பாங்க. குத்தம் சொல்றாங்களோன்னு பதறி, “எங்க வீட்ல அப்படியெல்லாம் கிடையாது”ன்னு மூடிடாதீங்க. எல்லா வீட்டுலயும் கேக்கிற சாதாரணக் கேள்விதான். பாப்பாவைக் கிள்ளுறான், திரும்பவும் பாட்டில் கேக்கிறான்னு உள்ளதைச் சொன்னா உருப்படியா யோசனை சொல்வாங்க. ஆனா டீச்சர், “ஷி கேன் பி எ பிட் காம்பெட்டிட்டிவ்”னு சொன்னா பாராட்டுன்னு நினைச்சுப் பூரிக்காதீங்க. விட்டுக்கொடுத்து விளையாடப் பழக்கணும்னு பக்குவமா சொல்றாங்க. அந்த ‘எ பிட்’ல தான் விஷயமே இருக்கு.

இனி கிளாஸ்கோ. இந்த ஊர்ல ரைவல்ரின்னு சொன்னாலே செல்டிக், ரேஞ்சர்ஸ்ங்கிற ரெண்டு ஃபுட்பால் கிளப்தான். பண்பாட்டைச் சொல்றப்போ ‘கெல்டிக்’, டீமைச் சொல்றப்போ ‘செல்டிக்’. ஒரே ஊர் டீம்கள் மோதுற ஆட்டத்தை ‘டெர்பி’ன்னு எழுதினாலும் ‘டார்பி’ன்னுதான் சொல்லணும். ரேஞ்சர்ஸ் 1872ல தொடங்கினது. செல்டிக் 1887ல, கிழக்கு கிளாஸ்கோவுல பட்டினி கிடந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் திரட்ட, பிரதர் வால்ஃபிரிட்ங்கிற துறவி முன்னின்று தொடங்கினது. 1888 மே மாசம் நடந்த செல்டிக்கோட முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸோடதான். 5-2ன்னு செல்டிக் ஜெயிச்சது. அப்போ அது நட்பு ஆட்டம். அப்புறம் செல்டிக்கோட பச்சை கத்தோலிக்க, ஐரிஷ் பக்கம், ரேஞ்சர்ஸோட நீலம் புராட்டஸ்டன்ட், பிரிட்டிஷ் பக்கம்னு ஊரே ரெண்டாச்சு. 1989ல மோ ஜான்ஸ்டன்ங்கிற கத்தோலிக்கர், அதுவும் முன்னாள் செல்டிக் ஆட்டக்காரர், ரேஞ்சர்ஸ்ல சேர்ந்தப்போ ரெண்டு பக்கத்துலயும் கொதிச்சாங்க.

அதனால “விச் ஸ்கூல் டிட் யூ கோ டு?”ங்கிற கேள்வி இங்க படிப்பை மட்டும் விசாரிக்கிறதில்லை. 1918 கல்விச் சட்டத்துக்கு அப்புறம் கத்தோலிக்கப் பள்ளிகளும் அரசுச் செலவுலயே நடக்குது. பள்ளிப் பேரைச் சொன்னா பல சமயம் மதம் தெரிஞ்சுடும், அதுல இருந்து டீமையும் ஊகிச்சுடுவாங்க. நம்மகிட்ட கேட்டா மதுரை, திருச்சின்னு நிம்மதியா சொல்லலாம். நீங்க கிளாஸ்கோக்காரர் ஒருத்தர்கிட்ட, நாலு பேர் முன்னாடி, திருப்பிக் கேக்காதீங்க. உங்க பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில சேர்க்கத் தயங்கவும் வேண்டாம். மற்ற மதப் பிள்ளைங்களும் அங்க படிக்கிறாங்க.

ஆபீஸ்ல ரெண்டு பக்க ஆளுங்களும் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே டீ குடிப்பாங்க. ‘ஜஸ்ட் பேன்டர்’னு சொல்வாங்க. பெரும்பாலும் உண்மையிலேயே வெறும் கலாய்ப்புதான், கேக்க நல்லாவும் இருக்கும். ஆனா அவங்களுக்கு நாப்பது வருஷப் பழக்கம், எங்க நிறுத்தணும்னு தெரியும். வந்த புதுசுல நாம அதுல சேரக் கூடாது. முக்கியமா, மெட்டு நல்லா இருக்கேன்னு ரசிகர்கள் பாடுற பாட்டை முணுமுணுக்காதீங்க. சில வரிகள் நேரடியா மதத்தைத் திட்டுறவை. போலீஸ் கேஸ் ஆகலாம், வேலையும் போகலாம். 1971 ஜனவரி 2 அன்னிக்கு, ரேஞ்சர்ஸ் மைதானமான ஐப்ராக்ஸ்ல இந்த ரெண்டு டீம் ஆட்டத்தப்போ நடந்த படிக்கட்டு நெரிசல்ல 66 பேர் செத்தாங்க. அதை வச்சு யார் ஜோக் அடிச்சாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துடுங்க.

இந்த ரெண்டு டீமையும் சேர்த்துச் சொல்ற ‘ஓல்ட் ஃபர்ம்’ங்கிற பேரைக்கூட, ரேஞ்சர்ஸை நடத்தின கம்பெனி திவாலான 2012க்கு அப்புறம் செல்டிக் ரசிகர்கள் பலர் ஏத்துக்கிறதில்லை. ‘கிளாஸ்கோ டார்பி’ன்னு சொன்னா யாரும் முறைக்க மாட்டாங்க. எந்த டீம்னு கேட்டா, இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லுங்க. பார்ட்டிக் திஸில்னு மூணாவது டீம் ஒண்ணு இருக்கு, அந்தப் பேரைச் சொல்லித் தப்பிக்கிறது உள்ளூர்க்காரங்களே கையாள்ற வழி.

பையன் ஆசைப்படுறான்னு பச்சை வெள்ளைப் பட்டை ஜெர்சியோ நீல ஜெர்சியோ வாங்குறதுக்கு முன்னாடி பள்ளியில கேளுங்க. யூனிஃபார்ம் இல்லாத நாள்லயும் ‘நோ ஃபுட்பால் கலர்ஸ்’னு சொல்ற பள்ளிகள் நிறைய. பப் வாசல்லயும் அதே போர்டைப் பார்ப்பீங்க. டார்பி ஆட்டம் பெரும்பாலும் மத்தியானமே தொடங்கிடும். அன்னிக்கு ரெண்டு டீமோட மைதானங்களும் இருக்கிற கோவன், பார்க்ஹெட் பக்கம் வீடு பார்க்கப் போறதா இருந்தா வேற நாள் மாத்திக்கோங்க; சப்வேயில ஐப்ராக்ஸ் ஸ்டேஷன் பக்கம் நிக்கக்கூட இடம் கிடைக்காது. ஆட்ட அட்டவணை ரெண்டு கிளப் வெப்சைட்லயும் இருக்கு.