பொலோன்யா பக்கம் மாடு, பன்றி இல்லாமல் நல்ல சாப்பாடு எங்கே?

கேத்திக்காரர் (கேத்தி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க பொண்ணு போன செப்டம்பர்ல இருந்து இத்தாலியில பொலோன்யா பல்கலைக்கழகத்துல படிக்கிறா. வர்ற அக்டோபர்ல நானும் வீட்டம்மாவும் பதினோரு நாள் அவகூட இருக்கப் போறோம். கார்போகக் கிழங்கை எடுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிட்டு ஃப்ளைட் ஏறணும்.

எங்க வீட்டுல மாடும் பன்றியும் ஆகாது. ஆடு, கோழி, மீன், முட்டை எல்லாம் உண்டு. பொண்ணு சொல்றா, "அப்பா, இந்த ஊர்ல எதைத் தொட்டாலும் பன்றி இருக்கு, நான் ரூம்லயே சோறு வடிச்சு ரசம் வச்சுக்கிறேன்"னு. ஒரு வருஷமா அந்த ஊர்ல இருந்தும் அவ அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடலைங்கிறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நாப்பது வருஷமா மண்ணுல வேலை செய்றவன் நான். ஒரு ஊருக்குப் போனா அந்த மண்ணுல விளைஞ்சதைத் தின்னுட்டு வரணும். பீட்சாவை வச்சு நாளை ஓட்ட விருப்பமில்லை.

பொலோன்யாவுல இருந்து ரயில்ல போய்த் திரும்புற தூரத்துல எங்கே என்ன சாப்பிடலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபிங்கர்போஸ்ட் அண்ணன் (ஊட்டி)

பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் ரெண்டும் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. நாங்க ரோம் போனப்போ மூணாம் நாளே நாக்கு செத்துப் போச்சு. உங்க ஏரியா எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க வருவாங்க.

வர்க்கி மாஸ்டர் (குன்னூர்)

கேத்தி அண்ணனுக்கு வணக்கம். பெட்ஃபோர்டு பக்கம் பேக்கரி வச்சிருக்கேன். அதுக்கு முன்னால ஆறு வருஷம் ரெஜ்ஜோ எமிலியாவுல ஒரு சமையல்கட்டுல பாஸ்தா மாவு தேய்க்கிற வேலை பார்த்தேன். உங்க கேள்வியைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியலை.

முதல்ல ஒண்ணு. "இத்தாலிச் சாப்பாடு"ன்னு தேடாதீங்க, ஊர்ப் பேரைச் சொல்லித் தேடுங்க. ரிமினியில இருந்து பியாசென்சா வரைக்கும் ரோமானியர்கள் கி.மு. 187-ல போட்ட சாலை ஒண்ணு நேரா ஓடுது. அதை ஒட்டியே ரயில். மோடெனா, ரெஜ்ஜோ, பார்மா எல்லாம் அதே பாதையில வரிசையா இருக்கு. பொலோன்யாவுல ஏறினா அரை மணியில மோடெனா, சாதாரண ரயில்லயே ஒரு மணி நேரத்துல பார்மா. ஒவ்வொரு ஊருக்கும் உள்ளே பூரணம் வச்சு மடிச்ச பாஸ்தா வேற வேற. பக்கத்து ஊர்ச் சாப்பாட்டை இந்த ஊர்ல கேட்டா, கோயம்புத்தூர்ல போய் ஊட்டி வர்க்கி கேக்குற மாதிரிதான். கிடைக்கும், ஆனா அது இல்லை.

பொண்ணு சொன்னது பாதி சரி. பொலோன்யாவோட பேர் பெத்த மூணும் உங்களுக்கு ஆகாது. தொர்தெல்லினிங்கிற பாஸ்தா சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், உள்ளே பன்றிக்கறி, உப்புல பதப்படுத்தின பன்றித்தொடை, மொர்த்தாதெல்லாங்கிற பெரிய சாசேஜ் மூணும் சேரும். அது மிதக்குற சாறுலயும் கோழியோட மாடு சேர்ப்பாங்க. ராகூங்கிற கறிக்குழம்புல மாடும் பன்றியும் ரெண்டுமே. மொர்த்தாதெல்லா முழுக்கப் பன்றி.

மீதிப் பாதியை அவ இன்னும் பார்க்கலை. அதே தொர்தெல்லினியோட அக்கா மாதிரி பெருசா "தொர்தெல்லோனி"ன்னு ஒண்ணு உண்டு. கடைசி எழுத்துக்கு முன்னால "லி"யா "லோ"வான்னு கவனமாப் பாருங்க. உள்ளே ரிக்கோத்தா பால்கட்டி, மேலே உருக்கின வெண்ணெயும் சால்வியாங்கிற வாசனை இலையும். "பூர்ரோ எ சால்வியா"ன்னு கேளுங்க. பொலோன்யாவுல காஸ்தில்யோனே தெருவுல ஸ்ஃபோலியா ரீனான்னு கடை இருக்கு, அன்னன்னைக்குத் தேய்ச்ச மாவு. வரிசையில நிக்கணும், சீக்கிரம் போயிடுங்க.

அக்டோபர்ல போறீங்களே, அதுதான் பெரிய அதிர்ஷ்டம். பூசணி வந்திருக்கும். அதுக்கு ஃபெர்ராரா போகணும். இது அந்த நேர் சாலையில இல்லை, பொலோன்யாவுக்கு வடக்கே தனி ரயில் பாதை. கப்பெல்லாச்சின்னு தொப்பி மாதிரி மடிச்ச பாஸ்தா, உள்ளே வேகவச்ச பூசணி, பால்கட்டி, ஜாதிக்காய். இனிப்பும் உப்பும் கலந்து நாக்குல நிக்கும். ஆனா அதை ராகூ ஊத்தியும் கொடுப்பாங்க, கேக்காம விட்டா அதுவே வந்துடும். இங்கேயும் "பூர்ரோ எ சால்வியா"தான் உங்க மந்திரம்.

பார்மாவுல தொர்தெல்லி தெர்பெத்தா. ரிக்கோத்தாவும் ஒரு வகைக் கீரையும் வச்சது. அந்த ஊர்க்காரங்க ஜூன் 23 ராத்திரி பனி விழ விழ வெளியே உட்கார்ந்து இதைத் தின்பாங்க, மத்த நாள்லயும் கிடைக்கும். பார்மாவுக்குத் தெற்கே மலையில போர்கோதாரோ பக்கம் போர்ச்சினி காளான் வரும். மழைக்கு அப்புறம் நம்ம சோலை ஓரத்துல காளான் பொறுக்கி வளர்ந்தவங்க நீங்க, தாலியாதெல்லேங்கிற நாடா மாதிரி பாஸ்தாவோட அதைத் தின்னு பாருங்க. அந்த வாசனைக்கு நான் இன்னும் ஏங்குறேன்.

இப்ப முக்கியமான விஷயம். இதை நான் எங்க அம்மாகிட்ட தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். இரண்டாம் வருஷம் அம்மா வந்தாங்க. வாழ்நாள்ல பன்றி தொட்டதில்லை. ஃபெர்ராரா கூட்டிட்டுப் போனேன். பாஸ்தாவுக்கு அத்தனை விசாரிச்சவன், மேஜையில வச்ச ரொட்டியைப் பத்திக் கேக்கலை. முறுக்கிவிட்ட கொம்பு மாதிரி அழகா இருக்கும். அம்மா ரெண்டு தின்னுட்டு "நம்ம ஊர் ரொட்டியை விட மொறுமொறுன்னு இருக்குடா"ன்னாங்க. மறுநாள் வேலையிடத்துல சொன்னாங்க, அந்த ரொட்டி மாவுல பன்றிக்கொழுப்பு சேர்ப்பாங்கன்னு. அம்மாகிட்ட சொல்லாம இருக்க முடியலை, சொன்னேன். அன்னைக்கு அவங்க ஒண்ணும் சாப்பிடலை.

அந்தக் கொழுப்புக்குப் பேர் "ஸ்ட்ருத்தோ". வர்க்கிக்கு எப்படிக் கொழுப்பு மாறினா மடிப்பு வராதோ, அவங்க ரொட்டிக்கு அது அப்படி. ரொமான்யாப் பக்கத்துப் பியாதீனா ரொட்டியிலயும், மோடெனாவுல பொரிச்சுத் தர்ற ஞோக்கோலயும், ரெஜ்ஜோவோட கீரைப் பை எர்பட்சோனேலயும் இருக்கும். பியாதீனா மட்டும் சில கடையில ஆலிவ் எண்ணெய்ல போடுவாங்க, கேட்டு வாங்குங்க. "சென்சா ஸ்ட்ருத்தோ?" அதாவது "ஸ்ட்ருத்தோ இல்லாமலா?" இந்த ரெண்டு சொல்லை வீட்டம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்க.

பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு முன்னால சமையல்கட்டு திறக்காது, ரெண்டரைக்கு மூடிடுவாங்க, ராத்திரி ஏழரைதான். பில்லுல "கொப்பெர்த்தோ"ன்னு தலைக்கு ரெண்டு மூணு யூரோ இருக்கும், அது மேஜைக்கான காசு, ஏமாத்து இல்லை.

ரிமினி சிஸ்டர் (கோத்தகிரி)

வர்க்கி மாஸ்டர் அண்ணா மலையையும் சமவெளியையும் சொல்லிட்டார், கடலை விட்டுட்டார். நான் ரிமினியில ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸா இருக்கேன். எங்க வீட்டுலயும் கேத்தி அண்ணா வீட்டு மாதிரியேதான், மாடு பன்றி கிடையாது. இங்கே வந்தப்புறம் எனக்குச் சாப்பாட்டுக் கஷ்டமே வந்ததில்லை.

பொலோன்யாவுல இருந்து நேரா ரயில் இருக்கு, காலையில வந்துட்டு ராத்திரி திரும்பிடலாம். சிப்பி போட்ட ஸ்ட்ரோசாப்ரெத்தி கேளுங்க, கையால முறுக்கின பாஸ்தா. பஸ்ஸதெல்லின்னு ஒண்ணு உண்டு, ரொட்டித்தூள், பால்கட்டி, முட்டை, ஜாதிக்காய் பிசைஞ்சு இடியாப்பம் மாதிரி பிழியறது. வழக்கமா கறிச்சாறுலதான் போடுவாங்க, அதனால கடலோரக் கடையில "கோன் பெஷே"ன்னு மீனோட கேளுங்க. சுட்ட மத்தி மீன் நம்ம நாக்குக்கு ரொம்பப் பக்கம், கொஞ்சம் மிளகாய்ப்பொடி மட்டும் கையில வச்சுக்கோங்க. நேரம் இருந்தா செசெனாத்திகோ போங்க. ஊருக்கு நடுவுல கால்வாய், 1502-ல லியோனார்டோ டா வின்சி வந்து வரைஞ்சு வச்ச துறைமுகம், கரையில மீன் கடைகள்.

கேத்திக்காரர்

தம்பிக்கும் தங்கச்சிக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. ரெண்டு சந்தேகம். பார்மா பால்கட்டி பண்ணையைப் பார்க்கணும்னு ஆசை, அந்தப் பால்கட்டியில நமக்கு ஆகாதது ஏதும் சேருமா? இன்னொண்ணு, அங்கே உருளைக்கிழங்கு விளையுமா?

வர்க்கி மாஸ்டர் (குன்னூர்)

அண்ணா, ஒளிக்காம சொல்றேன். நீங்க கேட்ட பார்மா பால்கட்டி, அதாவது பர்மிஜானோ ரெஜ்ஜானோவுல பால் உறையக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த உறைபொருளைத்தான் சேர்க்கணும், வேற எதுவும் அனுமதியில்லை. நான் மேலே சொன்ன பாஸ்தாக்கள்லயும் அந்தப் பால்கட்டிதான் அதிகம் சேரும். முதல் பதில்லயே இதைச் சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கோங்க. உங்க வீட்டுல அது எந்தக் கணக்குல வரும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வேணாம்னா "சென்சா பர்மிஜானோ"ன்னு சொல்லுங்க, பூரணத்துல இருக்கான்னும் கேளுங்க. பார்க்குறதுக்கு மட்டும்னா கட்டாயம் போங்க. 550 லிட்டர் பாலைக் காய்ச்சி ஒரே ஒரு 40 கிலோ வட்டு எடுப்பாங்க, அது குறைஞ்சது 12 மாசம் அலமாரியில தூங்கும். வேலை காலையிலயே முடிஞ்சிடும், அதனால விடியற ரயிலைப் பிடிங்க.

கிழங்குன்னா பூத்ரியோ போங்க, பொலோன்யாவுல இருந்து சின்ன ரயில். "பொலோன்யா உருளை"ன்னு ஐரோப்பாவுலயே அங்கீகாரம் வாங்கின கிழங்கு அந்த மாவட்டத்துது, பிரிமூரான்னு ரகம். நம்மது மாதிரி படிக்கட்டு நிலம் இல்லை, கண்ணுக்கு எட்டின வரை தட்டை. கிழங்கை மசிச்சு உருட்டின ஞோக்கி வெண்ணெயில கேளுங்க.

கேத்திக்காரர்

பூத்ரியோவுக்கு முதல் நாளே போறோம், முடிவாயிடுச்சு. பால்கட்டி விஷயத்தை வீட்டம்மாகிட்ட கேட்டேன், "பண்ணையைப் பார்க்கலாம், வாயில வைக்க வேண்டாம்"னுட்டா. எழுதினதெல்லாம் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். தம்பியோட அம்மா கதைக்கு அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. இப்ப பார்த்தா அடுப்படிக் காலண்டர்ல "சென்சா ஸ்ட்ருத்தோ"ன்னு பென்சில்ல எழுதி வச்சிருக்கா.