மாத்திரை ஏன் நின்றது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சென்னை பெரும்பாக்கம் குடியிருப்பில் காசநோய் மாத்திரை கொடுக்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். ஆற்றோரங்களிலிருந்து, அதிலும் 2015 வெள்ளத்துக்கு அப்புறம், பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் அங்கே ஏராளம். எட்டடுக்குக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றால் இருமிக்கொண்டே படியேற வேண்டியதுதான்.

அங்கே ஒரு அக்கா. வீட்டு வேலைக்கு இன்னமும் பழைய ஏரியாவுக்கே பஸ் மாறிப் போய் வருவார். முதல் வாரம் மூத்திரம் ஆரஞ்சாகப் போகிறது என்று பயந்தார். மருந்தின் நிறம்தான் என்று சொல்லித் தேற்றினேன். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை, மூன்றாம் மாதம் நின்றுபோனது. இரண்டு வாரம் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றே எழுதினேன். நேரில் போனபோது கோபமாகக்கூடப் பேசிவிட்டேன். அப்புறம்தான் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தேன்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன் தம்பி.”

சத்துணவுக்கு அரசு தரும் பணம் அப்போது மாதம் 500 ரூபாய் (2024 நவம்பரிலிருந்து 1,000). அக்காவுக்குக் கணக்கு இல்லாததால் அது புருஷன் கணக்கில் விழுந்தது. கேட்டதற்குத்தான் அடி. மாத்திரை அட்டையும் ஜன்னல் வழியே போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். “அடிபட்டதைப் பதிஞ்சு ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) போடுவாங்க, போலீசுக்குப் போகும். ராத்திரி நான் எங்க படுக்கிறது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் காலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்று மாத்திரை கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலும் நானே கொண்டுபோவேன். மிச்ச மாதங்களை அப்படித்தான் முடித்தார்.

*

உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் அவசரப் பிரிவில் நர்ஸ். ‘கீழே விழுந்தேன்’ என்று வருபவர்களில் பாதிப் பேர் கூட நிற்பவரைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள். இப்போதெல்லாம் கூட வந்தவரைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். பெண்கள் உதவி எண் 181-ஐயும் சொல்லி அனுப்புவேன். கையில் எழுதிக் கொடுப்பதில்லை, வீட்டில் பார்த்தால் அதற்கும் அடி விழும்.

*

நானும் எழுதுகிறேன். கண்ணகி நகரும் பெரும்பாக்கம் மாதிரி பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம்தான். அங்கே எங்கள் பிளாக்கில் வெட்டுக்குத்து நடந்த இரவு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இடத்தின் பெயரைக் கேட்டதுமே இரண்டு ஆட்டோக்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நானும் தம்பியும் மெயின் ரோடு வரை தூக்கிப்போனோம்.