மோதியபின் நிறுத்துவதா, மோதுமுன் ஒதுங்குவதா? கம்பியும் காற்றும் ஒரே தடத்தைப் பகிரும் விதம் பற்றி

செப்புக்கம்பி:
"வைஃபை என்பது கம்பி இல்லாத ஈதர்நெட்" என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரே தடத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கலையில், கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் எட்டிய நேர்த்தியை வைஃபை எட்டவே இல்லை. அது அரைகுறையான நகல் என்பதே என் கட்சி.

பழைய ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கோஆக்சியல் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தன. பேசுவதற்கு முன் கேபிளில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மோதல் தெரிந்த கணமே நிறுத்தி, மற்றவர்களும் அறியும்படி 32 பிட் இரைச்சலை அனுப்பிவிட்டு, குலுக்கல் முறையில் கிடைத்த ஒரு நேரம்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். மீண்டும் மோதினால் குலுக்கலின் எல்லை இரட்டிக்கும். 16 முறை தோற்றால் அந்த ஃபிரேமை, அதாவது ஒரே மூச்சில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தை, கைவிட வேண்டும். ஒரு ஃபிரேம் குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும் என்ற விதிகூட இதிலிருந்து பிறந்ததுதான்: 10 மெகாபிட் வேகத்தில் 512 பிட் போக 51.2 மைக்ரோ விநாடி ஆகும். அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட வலையமைப்பின் மறுமுனையில் மோதல் நேர்ந்தாலும், அதன் செய்தி அதற்குள் அனுப்பியவரிடம் திரும்பி வந்துவிடும். அதாவது, அனுப்பி முடிப்பதற்குள் மோதல் தெரியாமல் போகவே முடியாது.

வைஃபை என்ன செய்கிறது? முழு ஃபிரேமையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டு, பெற்றதற்கான ஒப்புகை வருமா என்று காத்திருக்கிறது. 1 மெகாபிட் வேகத்தில் 1500 பைட் அனுப்பினால் 12 மில்லி விநாடி; மோதல் முதல் பிட்டிலேயே நேர்ந்திருந்தாலும் அந்த 12 மில்லி விநாடியும் வீண்தான்.

காற்றலை:
நண்பர் செப்புக்கம்பி கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தவறான இடத்தில் போய் நிற்கிறார். வைஃபை பேசும்போது கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது சோம்பலால் அல்ல. ஒரு கருவி 20 டிபிஎம் (சமிக்ஞை வலுவை டெசிபெல் கணக்கில் சொல்லும் அலகு), அதாவது 100 மில்லிவாட் வலுவில் ஒலிபரப்புகிறது என்று கொள்வோம். அறையின் மறுகோடியிலிருந்து வரும் மற்றொருவரின் அலை அதே ஆன்டெனாவை மைனஸ் 70 டிபிஎம் அளவில் வந்தடைவது சாதாரணம். இரண்டுக்கும் இடையே 90 டெசிபெல், அதாவது 100 கோடி மடங்கு வித்தியாசம். கேபிளில் இந்தச் சிக்கல் இல்லை. மறுமுனையின் மின்சமிக்ஞை தேய்ந்து வந்தாலும் நம்முடையதோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கும்.

சரி, ஏதோ ஒரு வித்தையால் கேட்க முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பயன் இல்லை என்பதுதான் முக்கியமான விஷயம். நடுவில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை இணைப்பைத் தரும் பெட்டி), இரு பக்கமும் கனத்த சுவர்களுக்கு அப்பால் இரு மடிக்கணினிகள். ஆக்சஸ் பாயின்டுக்கு இருவர் பேசுவதும் கேட்கும்; அவர்கள் ஒருவருக்கொருவர் கேட்கவே மாட்டார்கள். இருவரும் காற்றைக் கேட்டு, "அமைதியாக இருக்கிறது" என்று நேர்மையாக முடிவு செய்து, ஒரே நேரத்தில் அனுப்பி, நடுவில் மோதுகிறார்கள். கேபிளில் மோதல் எல்லோருக்கும் பொதுவான நிகழ்வு. காற்றில் மோதல் பெறுபவர் இருக்கும் இடத்தில் மட்டும் நடக்கும் நிகழ்வு. அதை அறிந்த ஒரே சாட்சியிடம்தான் வைஃபை கேட்கிறது. நீங்கள் குறை என்று சொல்லும் ஒப்புகை அந்தச் சாட்சியம்தான்.

செப்புக்கம்பி:
சாட்சியம் என்ற சொல்லை ரசித்தேன். ஆனால் சாட்சிக்குக் கொடுக்கும் கூலியையும் பார்க்க வேண்டும் அல்லவா? 54 மெகாபிட் என்று அட்டையில் போட்டு விற்கப்பட்ட வைஃபையின் 802.11ஏ தரத்தை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கு ஒருவரும் இல்லாத அமைதியான காற்றில் 1500 பைட் தரவு அனுப்ப வேண்டும். முதலில் 34 மைக்ரோ விநாடி கட்டாய அமைதி. பிறகு 9 மைக்ரோ விநாடித் துண்டுகளாகக் குலுக்கல் காத்திருப்பு, சராசரியாக 67.5, ஃபிரேமுக்கு முன்னொட்டோடு சேர்த்து 248, பிறகு 16 இடைவெளி, ஒப்புகைக்கு 28. மொத்தம் ஏறக்குறைய 394 மைக்ரோ விநாடி. வகுத்துப் பார்த்தால் கைக்கு வருவது சுமார் 30 மெகாபிட். அதே 1500 பைட்டுக்கு ஈதர்நெட்டில் கூடுதல் சுமை, இடைவெளியையும் சேர்த்து, வெறும் 38 பைட். ஒருவர் மட்டும் பேசும்போது தடத்தின் 97 விழுக்காட்டுக்கு மேல் தரவே போகும். ஒழுங்காக நடப்பவர் மீதும் அபராதம் போடும் முறையை நேர்த்தி என்று எப்படி ஏற்பது?

பழையஹப்:
இருவரும் மன்னிக்க வேண்டும். செப்புக்கம்பி புகழும் அந்த முறையோடு பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஈதர்நெட் தடப் பகிர்வில் வெற்றி பெறவில்லை, பகிர்வதையே விட்டுவிட்டது. ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டி வந்தது, ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி கிடைத்தது. 1997இல் இருபக்கமும் ஒரே நேரத்தில் பேசும் ஃபுல் டூப்ளெக்ஸ் தரமாக்கப்பட்டது. 2002இல் வந்த 10 கிகாபிட் தரத்தில் மோதல் கண்டறிதல் என்ற அத்தியாயமே கிடையாது. காரணமும் நீங்கள் சொன்ன கணக்குதான். 1 கிகாபிட் வேகத்தில் 64 பைட் அரை மைக்ரோ விநாடியில் பறந்துவிடும். அதற்குள் மோதலின் செய்தி திரும்ப வேண்டுமானால் கேபிளைச் சில பத்து மீட்டருக்குச் சுருக்க வேண்டும். அதனால் கிகாபிட்டின் அரை டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசும்) முறையில் சிறு ஃபிரேம்களை 512 பைட் நேரத்துக்கு வெற்றுச் சமிக்ஞையால் நீட்டினார்கள். அதை நான் எங்கும் பயன்பாட்டில் பார்த்ததில்லை.

அந்த முறையின் ஆவி மட்டும் நெடுநாள் உலவியது. நான் பணியாற்றிய ஓர் இடத்தில் ஒரு சர்வருக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அடித்தால் உடனே பதில் வரும். பெரிய கோப்பை நகலெடுத்தால் ஆமை வேகம். கேபிளை மாற்றினோம், நெட்வொர்க் கார்டை மாற்றினோம், இரண்டு நாள் போனது. கடைசியில் ஸ்விட்சின் எண்ணிகளைப் பார்த்தபோதுதான் அந்தப் போர்ட்டில் "தாமத மோதல்", அதாவது 64 பைட் போனபிறகு தெரியும் மோதல், ஏறிக்கொண்டே இருந்தது தெரிந்தது. சர்வர் பக்கம் யாரோ கையால் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டியிருக்கிறார். ஸ்விட்ச் தானாகப் பேசிப் பார்த்து, பதில் கிடைக்காமல், அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கியிருக்கிறது. ஒருவர் கேட்காமல் பேச, மற்றவர் ஒவ்வொரு முறையும் "மோதல்" என்று பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று: யார் யாருக்கு நகல் என்ற வழக்கில் வரலாறு செப்புக்கம்பிக்கு எதிராக இருக்கிறது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு இயக்கிய அலோஹா வானொலி வலையமைப்புதான் முதலில். கேட்காமலே பேசும் அந்த முறையில் தடத்தின் 18.4 விழுக்காட்டுக்கு மேல் பயன்பட வழியில்லை. அதைப் படித்து ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப்தான் 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட்டை வடித்தார். தொடக்கத்தில் அதன் பெயரே, ஜெராக்ஸின் ஆல்டோ கணினியையும் சேர்த்து, "ஆல்டோ அலோஹா". ஆக, காற்றில் பிறந்ததுதான் கம்பிக்குள் போனது.

கேட்கவந்தவர்:
ஓர் ஐயம். காற்றலை சொன்ன, ஒருவருக்கொருவர் கேட்காத இரு மடிக்கணினிகளின் சிக்கலுக்கு (மறைந்திருக்கும் நிலையச் சிக்கல்), முன்கூட்டியே "அனுப்பலாமா" என்று கேட்டு "அனுப்பு" என்று பெறும் ஏற்பாடு வைஃபையின் 802.11 தரத்தில் இருக்கிறதே? அது போதாதா?

காற்றலை:
இருக்கிறது, 1997இன் முதல் தரத்திலேயே இருந்தது. 20 பைட் கேள்வி, 14 பைட் பதில். பதிலைக் கேட்ட மற்றவர்கள் அதில் குறிப்பிட்ட நேரம்வரை வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அதற்கான வரம்பு 2347 என்று இருக்கும். அதாவது அந்த அளவைத் தாண்டும் ஃபிரேமுக்குத்தான் கேள்வி கேட்கப்படும், சாதாரண ஃபிரேம் எதுவும் அதைத் தாண்டாது. மருந்து அலமாரியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்டால் செப்புக்கம்பி போட்ட அந்தக் கூலிக் கணக்கு இன்னும் ஏறும் என்பதால் அப்படி விட்டுவைத்திருக்கிறார்கள்.

செப்புக்கம்பி:
பழையஹப் ஐயாவின் வரலாற்றுக்குப் பணிகிறேன். "நகல்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வைஃபை 6 வந்தபிறகு ஆக்சஸ் பாயின்டே தடத்தைச் சிறு துண்டுகளாக்கி, 20 மெகாஹெர்ட்ஸில் 9 பேர்வரை ஒரே நேரத்தில் இன்னின்னார் பேசலாம் என்று முறை வைக்கிறதே? போட்டி போட்டுப் பகிர்வது தோற்றுவிட்டது என்ற ஒப்புதல் வாக்குமூலம் அல்லவா அது?

காற்றலை:
அந்த முறை வைக்கும் அழைப்பை அனுப்புவதற்கே ஆக்சஸ் பாயின்ட் முதலில் காற்றைக் கேட்டு, காத்திருந்து, போட்டியில் வெல்ல வேண்டும். ஏனென்றால் பக்கத்து வீட்டு வலையமைப்பு அதன் பேச்சைக் கேட்கக் கடமைப்பட்டதல்ல. உள்ளே முறை, வெளியே போட்டி.

பழையஹப்:
கம்பியிலும் பகிர்வு திரும்பிவிட்டது என்பதை இருவர் காதிலும் போட்டுவைக்கிறேன். கார்களுக்கும் தொழிற்கருவிகளுக்குமென 2019இல் வந்த 10பேஸ்-டி1எஸ் தரத்தில், 25 மீட்டர் நீள ஒற்றை இணைக் கம்பியில் குறைந்தது 8 கருவிகள் மறுபடியும் ஒன்றாகத் தொங்குகின்றன. அதில் 0 என்ற எண் கொண்ட கருவி தொடக்கக் குறி கொடுக்க, ஒவ்வொருவரும் வரிசைப்படி பேசும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துவிட்டால் மோதலே இல்லை. கம்பியில் எல்லோருக்கும் எல்லோரும் கேட்பதால் அங்கே அது செல்லுபடியாகிறது. இதையே அப்படியே காற்றுக்குக் கொண்டுபோனால், தொடக்கக் குறி காதில் விழாத கருவி எப்போது பேசும்?

செப்புக்கம்பி:
அந்தத் தரத்தை நான் படித்ததில்லை. படித்துவிட்டு வருகிறேன், 30 மெகாபிட் கணக்கை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.